வீட்டுக் கொல்லையில் பத்து நாட்டுக்கோழிகளுக்குக் கொட்டகை கட்டுகிறேன். தரையை எப்படிப் போடுவது, மேலே எதைப் பரப்புவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

பதிலைத் தரையிலிருந்து தொடங்குகிறேன். மேலே பரப்பும் கூளத்தையும் சுத்தம் செய்யும் முறையையும் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தரையை ஒருமுறை போட்டுவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. நான் தஞ்சை வட்டாரத்தில், களிமண் நிலத்தில் கோழி வளர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல்களில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது இங்கே வெறும் மண் தரை கீழிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கூரை ஒரு சொட்டுக்கூட ஒழுகாத கொட்டகையிலும் கூளத்தின் அடிப்பகுதி நசநசத்துவிடும். எனவே இத்தகைய நிலத்தில் சுற்றுப்புற மட்டத்தைவிட ஓர் அடியாவது மேடாக்கி, ஜல்லி கொட்டி நன்றாக இடித்து, அதன் மேல் சிமெண்ட் தளம் போடுவதே சரி. தளத்துக்கு வாசல் பக்கமாகச் சிறிது சரிவு இருந்தால் கழுவும்போது தண்ணீர் தேங்காது. பெருச்சாளி வளை தோண்டி உள்ளே வருவதையும் இந்தத் தளம் தடுத்துவிடும். செம்மண் அல்லது சரளை நிலத்தில், தண்ணீர் நிற்காத மேட்டில் வீடு இருப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. கெட்டித்த மண் தரையே போதும். ஆனால் ஒருமுறை நோய் வந்து போனால் மேல்மண்ணை இரண்டு மூன்று அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் மிகக் குறைவு என்றால் கால் வைத்த கூண்டும் நல்ல வழிதான். எச்சம் கீழே விழுந்துவிடுவதால் கோழிகள் அதை மிதிப்பதில்லை. ஆனால் தரைக்குக் கம்பி வலையைவிட இடைவெளி விட்டு அடித்த ரீப்பர் எனும் மெல்லிய மரச் சட்டங்களையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் எடை மிகுந்த பெருவிடைச் சேவல்களுக்குக் கம்பியில் நின்று நின்று பாதத்தில் புண் வருவதுண்டு.

இனி கூளம். வளர்ந்த கோழி ஒன்று ஒரு நாளில் சுமார் 100 கிராம் எச்சம் இடும். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். நாம் பரப்பும் பொருளின் முதல் வேலை அந்த நீரை வாங்கிக்கொண்டு காற்றில் விட்டுவிடுவதுதான். இந்த வேலைக்கு நெல் உமிக்கு இணையாக எங்கள் பக்கம் வேறொன்றும் இல்லை. மில்லிலிருந்து வாங்கும்போது ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். தவிடு கலந்திருந்தால் எறும்பும் எலியும் தேடி வரும், ஈரம் பட்டால் பூஞ்சாணமும் பிடிக்கும். மரப்பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சுருளும் நல்லது. பொடியான மரத்தூளில் தூசி பறப்பதால் அதைத் தவிர்க்கலாம். தென்னை நார்க்கழிவு தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் எளிதில் விடாது. கடலைத் தோலும் வைக்கோல் நறுக்கும் கோடைக்குப் பொருந்தும், மழைக்காலத்துக்கு உதவா. குஞ்சுகளுக்கு இரண்டு அங்குல உயரம் போதும். பெரிய கோழிகளுக்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம் வரை வேண்டும். முதல் சில நாட்களுக்கு மட்டும் குஞ்சுகள் உமியைத் தீவனமென்று கொத்தித் தின்னாதபடி அதன் மேல் சாக்கையோ அட்டையையோ விரித்துவிடுங்கள். வழுக்கும் தாளில் குஞ்சுகளின் கால்கள் விரிந்து முடமாகிவிடக்கூடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு நாட்காட்டியைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. கையால் தொட்டுத்தான் சொல்ல முடியும். ஒரு பிடி கூளத்தை எடுத்து அழுத்திப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது; சேர்ந்தும் சேராமலும் உதிர்ந்தால் சரியாக இருக்கிறது; தூசியாகப் பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது, லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். கொட்டகையின் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியிலும் கோழிகள் அடையும் கோலின் கீழும்தான் கூளம் முதலில் பாளமாக இறுகும். பாளத்தைப் பெயர்த்துப் புரட்டினால் அடிப்புறம் கறுத்து, பிசுபிசுத்து, மூக்கைக் குத்தும் நெடி வரும். அந்த நெடிதான் அம்மோனியா. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் நுண்ணுயிர்கள் சிதைப்பதால் உண்டாவது, கோழியின் கண்ணையும் மூச்சுக் குழாயையும் கெடுப்பது. நீங்கள் நின்று முகரும் உயரத்தைவிடக் கோழியின் தலை தாழ்வாக இருக்கிறது என்பதால், குனிந்து அதன் மட்டத்தில் முகர்ந்து பார்ப்பதே சரியான சோதனை.

ஆகவே தினமும் காலையில் அந்த இரண்டு இடங்களைப் பாருங்கள். நனைந்ததை அள்ளி வெளியே போட்டுவிட்டு உலர்ந்த உமியை இடுங்கள். வாரம் இரண்டு முறை, மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், முழுக் கூளத்தையும் கிளறிவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மீது கோழியின் முதுகு உயரத்துக்கு வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கோலின் கீழே பழைய தகரத்தையோ சாக்கையோ விரித்துவைத்தால் இரவு எச்சம் முழுவதையும் காலையில் அப்படியே எடுத்துவிடலாம். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல். அந்த நோய்க்கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியே வந்த பிறகு, வெதுவெதுப்பான ஈரத்தில் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். பினாயில் ஊற்றி அதை அழிக்க முடியாது, உலரவைத்தால்தான் வலுவிழக்கும்.

முழுச் சுத்தத்தை ஒவ்வொரு தொகுதிக் கோழியும் போன பிறகும், தொடர்ந்து வளர்ப்பவர்கள் மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும் செய்துகொள்ளலாம். கூளத்தை வழித்து எடுத்து, தரையைத் தேய்த்துக் கழுவி, வெயிலும் காற்றும் பட நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகே சுண்ணாம்பு பூசுங்கள்; அழுக்கின் மேல் எந்த மருந்தைத் தெளித்தாலும் வீண். எச்சம் ஊறிய ஈரத் தரையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது. அம்மோனியாவுடன் சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவிக் கிளறினாலும் முதலில் அம்மோனியா மிகுதியாக வெளியேறும் என்பதால் அந்த நேரத்தில் கோழிகளை வெளியே விட்டுவிடுங்கள்.

உண்ணிக்குத் தனிக் கவனம் வேண்டும். அது பகலில் கோழி மேல் இருக்காது. மூங்கில் கோலின் வெடிப்பிலும் சுவர் இடுக்கிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும், உணவில்லாமல் பல மாதங்கள் உயிரோடும் இருக்கும். கோழிகள் அடைந்த பிறகு டார்ச் அடித்துக் கோலின் அடிப்புறத்தைப் பாருங்கள். இருந்தால் மூங்கிலை எடுத்து எரித்துவிட்டு வழவழப்பான மரக்கோல் போடுங்கள். சுவர் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

அள்ளிய கூளம் நல்ல எரு, ஆனால் பச்சையாகச் செடிக்கு இட்டால் வேர் கருகும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளி, கொட்டகையிலிருந்து தள்ளி ஒரு மூலையில் குவித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து மூடிவைத்து, நடுவில் ஓரிரு முறை புரட்டிவிட்டு, இரண்டு மூன்று மாதம் மக்கிய பிறகு வாழைக்கோ தென்னைக்கோ இடுங்கள்.