சாகர் சம்பதாவில் வேதியியல் படித்தவருக்கு என்ன வேலை?

வணக்கம் அம்மணி. கோபியில் வேதியியல் முதுகலை முடித்த உங்களுக்குச் சாகர் சம்பதா என்னும் மீன்வள, கடல் ஆய்வுக்கப்பலில் இருபது நாள் பயணம் வாய்த்திருக்கிறது; மீன் பற்றி ஒன்றும் தெரியாமல் அங்கே என்ன செய்வது, குமட்டலை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானும் பவானிக்காரன்தான், அக்கப்பலில் போய்வந்தவன். தயங்காமல் போங்கள்.

1984-இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட, 71.5 மீட்டர் நீளமுள்ள அக்கப்பலில், வலையில் விழுந்த மீன் ஏன் அவ்விடத்துக்கு வந்தது என்பதற்கான விடையைப் பெரும்பாலும் நீரில்தான் தேடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் ஊருக்கு ஆடியில் வீசுகிறதே, அதே பருவக்காற்றுக் காலத்தில்தான் கேரளக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலேறி, தன்னுடன் கொணரும் சத்துகளால் நுண்பாசியைப் பெருக்கி, மத்தி மீனுக்கு இரை சேர்க்கிறது.

பல ஆழங்களில் மூடப்பட்ட நீர்க்குடுவைகள் மேலே வந்ததும் ஆக்சிஜனுக்கான மாதிரியைத்தான் முதலில் எடுப்பார்கள். குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, ஒரு காற்றுக்குமிழும் சேராமல் நீரை வழியவிட்டு, மாங்கனீசு உப்பையும் காரக் கரைசலையும் சேர்த்தால் பழுப்பு வீழ்படிவு இறங்கும். உயிர்வாயு குறைந்த ஆழத்து நீரில் அது வெளிறியே இருக்கும். கல்லூரியில் பழகிய தரம்பார்த்தல்தான் (டைட்ரேஷன்) மீதி வேலை. அங்கே உங்கள் கைதான் தேவை.

குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, கப்பல் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். தலை சுற்றினால் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள்.