ஸ்டேடியம் புராஜெக்ட் எடுக்கலாமா?

ஆர்க்கிடெக்சர் இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கால்பந்து ஸ்டேடியம் எடுத்தால் வேலை கிடைக்குமா என்று உங்கள் அப்பா கேட்பது நியாயம்தான். ஸ்டேடியம் மட்டுமே வரைந்து பிழைக்கும் ஆர்க்கிடெக்ட்கள் குறைவு. ஆனால் அதை ஒழுங்காகச் செய்தவருக்கு ரயில் நிலையம், விமான நிலையம், மாநாட்டு அரங்கம் என்று கூட்டம் கூடும் எந்தக் கட்டடமும் புரியும். எடுங்கள்.

ஆனால் கூரையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் 105க்கு 68 மீட்டர் ஆடுகளம், அப்புறம் இருக்கை வரிசைகள். பின்னால் இருப்பவரின் பார்வைக்கோடு முன்னால் இருப்பவரின் கண்மட்டத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மேலே போகிறது என்பதுதான் சி-வேல்யூ. 90 வந்தால் நன்று. அதைக் கூட்டினால் படிகள் செங்குத்தாகும், கூரை உயரும், செலவும் ஏறும். சுற்றிலும் ஓட்டப்பாதை போட்டால் ரசிகர் ஆடுகளத்தை விட்டுத் தள்ளிப்போவார். இந்த இழுபறியை வரைபடத்தில் காட்டத் தெரிந்த மாணவரை எந்த அலுவலகமும் கவனிக்கும்.

20 அணிகள் ஆடும் லீக்கில் சொந்த மைதானத்தில் நடப்பது 19 ஆட்டங்கள். மீதி நாட்களில் அந்தக் கட்டடம் என்ன செய்யும்? உங்கள் புராஜெக்டின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. லண்டனில் 2019இல் திறந்த டாட்டன்ஹாம் ஸ்டேடியத்தில் புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து தெற்கு கேலரிக்கு அடியில் போய்விடும். அடியில் அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை இருக்கிறது. கத்தாரின் ‘ஸ்டேடியம் 974’ என்ற மைதானம் வேறு வழியில் போனது: கப்பல் கண்டெய்னர்களை வைத்து, கழற்றி எடுக்கும்படியே வடிவமைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் யோஹான் கிரைஃப் அரேனா ஸ்டேடியத்தில் சோலார் கூரையோடு மின்சாரக் கார் பேட்டரிகளில் மின்சாரத்தைச் சேமிக்கிறார்கள். சோலார் தகடு ஒட்டிவிட்டால் பசுமைக் கட்டடம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டிய கான்கிரீட்டைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனையும், ரசிகர்கள் எதில் வந்து போகிறார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அதனால்தான் சுற்றுப்புறத்துக்குப் பாதி உழைப்பையாவது கொடுக்கச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள்; ரயில் நிலையம் வரை அகலமான நடைபாதை வேண்டும். அதே இடம் மறுநாள் காலை வெறிச்சோடிக் கிடக்கக் கூடாது. தரைத்தளத்தில் கிளினிக், நூலகம், கடைகள் என்று தெருவைப் பார்த்தபடி வையுங்கள்.

ரைனோ என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளையும், அதற்குள் கணக்குகளை எழுத உதவும் கிராஸ்ஹாப்பரையும் கற்றுக்கொண்டு சி-வேல்யூ கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கு பிடித்துப்போனால் முதுகலையில் ஸ்ட்ரக்சர் அல்லது கூட்ட நகர்வு ஆய்வு. நடைபாதையும் தெருவும் இழுத்தால் நகர்ப்புற வடிவமைப்பு. எது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம், புராஜெக்ட் பாதி முடியட்டும்.