செவ்வரத்தை கறுத்தது உப்பாலா?

கேள்வி: எனக்கு 58 வயது. பிரஷர் கூடிவிட்டதென்று டொக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி இரண்டு மாதமாகிறது. சிவப்பு நிறம் தெரியக் கண்ணுக்கு உப்பிலுள்ள குளோரைட்டு வேண்டும் என்று உயர்தரம் படிக்கும் என் மகள் சொல்கிறாள். நேற்று மாலை ஆறரை மணிக்கு வாசலில் நின்ற செவ்வரத்தைப் பூ எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது. உப்பில்லாமல் கண் பழுதாகிறதா, ஐயா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பயப்படாதீர்கள். உப்பையும் கூட்டிவிடாதீர்கள். ஆனால் மகள் சொன்னது உண்மை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன் நான். ஆய்வுகூடத்தில் கோபால்ட் குளோரைட்டுக் கரைசல் இளஞ்சிவப்பாக நிற்கும். அதில் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதாவாகி, அப்படியே கடும் நீலமாகிவிடும். பின்வாங்குப் பிள்ளைகளும் எழும்பி முன்னுக்கு வந்துவிடுவார்கள். குளோரைட்டு அயன் போய் ஒட்டியதும், அந்தப் பொருள் உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் கூடுகிறது.

கண்ணில் ஒட்டும் விதம் வேறு, ஆனால் மாற்றம் அதே திசையில்தான். விழித்திரையில் நிறம் காண்பவை கூம்புக் கலங்கள். அவற்றில் சிவப்பு, பச்சை வகைக் கலங்களில் ஒளியை உறிஞ்சும் நிறப்பொருளின் புரதம் ஒரு குளோரைட்டு அயனைத் தன்னிடம் பிடித்து வைத்திருக்கிறது. மனிதரில் அதைப் பிடிப்பவை அந்தப் புரதச் சங்கிலியின் 197ஆம் இடத்து ஹிஸ்டிடின், 200ஆம் இடத்து லைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் என்று 1993இல் கண்டார்கள். கோழியின் சிவப்பு நிறப்பொருள் 571 நானோமீற்றர் ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும். குளோரைட்டைக் கழற்றிவிட்டால் ஏறத்தாழ 40 நானோமீற்றர் பச்சைப் பக்கம் இறங்கிவிடும். சுண்டெலியைப் பாருங்கள்: அந்த ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய இடத்தில் அதற்குத் தைரோசின். குளோரைட்டு நிற்க இடமில்லை, நிறப்பொருளும் 508இலேயே நின்றுவிட்டது. ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதால் வந்த வித்தியாசம் இது! எத்தனை தரம் படிப்பித்தாலும் எனக்கு அலுக்காத இடம்.

சரி, உங்கள் உப்புக்கு வருவோம். இரத்தத்தில் லீற்றருக்கு 100 மில்லிமோல் அளவில் குளோரைட்டு உண்டு. நீங்கள் சம்பலுக்கு உப்புக் குறைத்தாலும் சிறுநீரகம் அந்த அளவைக் காத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நின்றாலும் கண்ணுக்குக் குறை வராது. கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பூ ஏன் கறுத்தது? மாலை ஆறரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொழுதுபட்டால் கூம்புக் கலங்கள் ஓய்ந்து, மங்கல் வெளிச்சத்தில் பார்க்கும் கோல் கலங்கள் வேலைக்கு வரும். அவற்றின் நிறப்பொருளான ரொடொப்சினுக்குக் குளோரைட்டுத் தேவையே இல்லை. அதன் உச்சம் 498, சிவப்பு அதற்குத் தெரியாது. அதனால் பூ கறுக்கும், பக்கத்து இலை வெளிச்சமாகத் தெரியும். உப்பை அள்ளிச் சாப்பிடுகிறவருக்கும் அப்படித்தான். இதை முதலில் கவனித்து எழுதியவர் பர்கின்ஜே என்ற செக் நாட்டு அறிஞர்.

நாளைக் காலை பத்து மணி வெயிலில் அதே பூவை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை. ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளிறினால் அது கண் நரம்பின் கோளாறாக இருக்கலாம். தாமதிக்காமல் கண் டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சுவரில் ஓடும் பல்லிக்கு இரவில் நிறம் தெரியுமா?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: பல்லி இனத்தில் எல்லா வகையையும் சோதித்ததில்லை, மகள். ஆனால் சோதித்த ஒரு வகை, நிலா வெளிச்சத்தில் நாம் நிறம் பிரிக்க முடியாத மங்கலிலும் நிறம் பிரித்தது. இவற்றின் மூதாதையர் பகலில் திரிந்து கோல் கலங்களை இழந்தவை. பிறகு இரவுக்குத் திரும்பியபோது, கூம்பு நிறப்பொருளையே பெரிய கலங்களில் வைத்துக்கொண்டன. அந்த நிறப்பொருளும் குளோரைட்டுக்கு ஏற்ப மாறும் என்று 1977இல் கிறெசிற்றெல்லி என்ற ஆய்வாளர் காட்டினார். மேலே வெள்ளவத்தைக்காரருக்கு எழுதியதையும் வாசியுங்கள், உங்கள் பல்லியும் அதே உப்பில்தான் பார்க்கிறது.