வி.எச்.எஃப். செட்டை மாற்றுவதற்கு முன்னால்

கேள்வி: பினாங்கில் 32 அடி பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதிலுள்ள வி.எச்.எஃப். ரேடியோவில் (படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ) மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது மட்டும் சில நாள் போய்ச் சேர்கிறது, சில நாள் யாருக்கும் கேட்பதில்லை. "பழைய செட், புதுசு வாங்கிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விட்டுவிட்டு வரும் கோளாறு என்றால் செட்டை விட வயரையும் இணைப்புகளையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். புது செட் மாட்டியதும் சில நாள் சரியானதுபோல் இருக்கும். ஆன்டெனா பிளக்கைக் கழற்றி மறுபடி திருகியதில் கிடைத்த புண்ணியம் அது. அப்புறம் பழைய கதைதான்.

கேட்கிறது, பேச்சு போகவில்லை என்பதே நல்ல துப்பு. கேட்கும்போது செட்டுக்கு அரை ஆம்பியர் கூடத் தேவைப்படாது. 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் ஹோல்டரில் உப்பேறி வெறும் 0.3 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கையில் அது தெரியவே தெரியாது. பொத்தானை அழுத்தியதும் 1.8 வோல்ட் அங்கேயே போய்விடும், பேட்டரியில் 12.4 இருந்தாலும் செட்டுக்கு 10.6தான் வந்து சேரும். 13.8 வோல்ட்டை மனதில் வைத்துச் செய்த செட் அதில் திணறும். எஞ்சின் ஓடுகிற நாளில் மின்னழுத்தம் கூடுதலாக இருப்பதால் பிரச்சினை மறைந்துவிடும். உங்கள் "சில நாள்" இதுவாகவே இருக்கலாம்.

ஆகவே மல்டிமீட்டரை பேட்டரியில் வைக்காதீர்கள், செட்டின் பின்னால் வயர் சேரும் இடத்தில் வையுங்கள். இன்னொருவர் ஆளில்லாத சேனலில் படகின் பெயரைச் சொல்லிச் சில நொடி பேசட்டும் (சேனல் 16 வேண்டாம், அது அவசர அழைப்புக்கு உரியது). முள் 11-க்குக் கீழே விழுந்தால் ஃபியூஸ் ஹோல்டர், ஸ்விட்ச் பலகை, எர்த் வயர் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள்.

மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்தது ஆன்டெனா. மழைக்குப் பிறகு மோசமாகிறதா, படகு ஒரு பக்கம் சாயும்போது மட்டும் போகிறதா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் வழக்கமான குற்றவாளி பாய்மரத்தின் அடியில் இருக்கும் கேபிள் இணைப்பு. அதைக் கழற்றிப் பாருங்கள். பச்சைத் தூள் படிந்திருந்தாலோ, உள்ளே பின்னல் கம்பி கறுத்திருந்தாலோ காரணம் கிடைத்துவிட்டது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஓர் அடி வெட்டியும் கறுப்பு தீரவில்லையா, கேபிளையே மாற்றுங்கள். தண்ணீர் பின்னலுக்குள்ளேயே ஊர்ந்து ஏறியிருக்கிறது.

எதிராளிக்கு இரைச்சல் அடங்கி வெறும் மௌனம் மட்டும் கேட்கிறது என்றால் ஆன்டெனாவை விடுங்கள், மைக்கின் சுருள் வயரைப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருக்கும்.

பக்கத்துப் படகுக்காரர் "நன்றாகக் கேட்கிறது" என்பதை மட்டும் நம்பாதீர்கள். அவ்வளவு அருகில் உடைந்த ஆன்டெனா கூட வேலை செய்யும். சில மைல் தள்ளி இருப்பவரிடம் கேளுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) வாங்கினால் 156 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சி.பி. (பொதுமக்கள் பயன்படுத்தும் வேறு வகை) ரேடியோ மீட்டர் 27 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே பொய் சொல்லும். இரண்டுக்குக் கீழே காட்டினால் நிம்மதி, மூன்றைத் தாண்டினால் கோளாறு. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு மட்டும் பொத்தானை அழுத்தாதீர்கள், நல்ல செட்டும் வீணாகும்.

கேபிள் வாங்க நேர்ந்தால் மெல்லிய ஆர்.ஜி. 58 வேண்டாம். 20 மீட்டர் ஓட்டத்தில் சக்தியில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும். ஆர்.ஜி. 213-ல் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இழப்பு. கனமானது, வளைப்பதும் சிரமம். இருந்தாலும் அதுதான் என் தேர்வு. செம்பில் வெள்ளீயம் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் படகில் பகலில் ரேடியோ தெளிவாக இருக்கிறது. இரவில்தான் தூரத்துக் குரல்கள் கேட்பதில்லை. ஈரப்பதமா?

பதில்: பாய்மர உச்சி விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றினீர்களா? மட்டமான எல்.இ.டி. பல்புகளின் உள்ளே இருக்கும் மின்சுற்று வி.எச்.எஃப். அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், அதுவும் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் இதற்காகவே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. சோதனை எளிது: விளக்கை அணைத்து, ஆளில்லாத சேனலில் ஸ்க்வெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) இரைச்சல் நிற்கும் இடம்வரை மட்டும் திருப்புங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பினால் பல்புதான். திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். அடுத்ததை, மாட்டிச் சோதித்த பிறகே வைத்துக்கொள்வேன் என்று பேசி வாங்குங்கள்.