என்கர்சஸில் தமிழ் எழுதினால் கட்டம் ஏன் கோணிக்கொள்கிறது?

டெர்மினலில் தமிழ் எழுதினால் குப்பையாக வருகிறது, அதைச் சரிசெய்தால் கட்டத்தின் வலது கோடு வரிக்கு வரி ஆடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸ், சி மொழி, டெர்மினலில் கட்டமும் கோடும் வரைய உதவும் என்கர்சஸ் நூலகம் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆட்டத்தை நான் இரண்டு மாதம் ஆடியிருக்கிறேன்.

குப்பைக்கு மருந்து சுலபம். மெயினில் முதல் வேலையாக, கணினியின் மொழி அமைப்பை (லொகேல்) எடுத்துக்கொள்ளும் செட்லொகேலை வெற்றுச் சரத்தோடு அழையுங்கள், திரையைத் தொடங்கும் இனிட்ஸ்கிரீனுக்கு முன்னால். பிறகு லிங்க் செய்யும்போது கடைசியில் டபிள்யூ வரும் என்கர்சஸ்டபிள்யூ நூலகத்தைக் கொடுங்கள். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு அலைக்குறியாகக் கொட்டும். இவை சரியாக இருந்தால் திரையில் எழுதும் சாதாரண ஆட்ஸ்டரே யுடிஎஃப்-8 தமிழை ஏற்றுக்கொள்ளும், எல்லாவற்றையும் சி-யின் அகல எழுத்து வகைக்கு (wchar_t) மாற்ற வேண்டியதில்லை.

கோணல்தான் நிஜமான தலைவலி. அத்தானின் மளிகைக் கடைக்கு ஒரு இருப்புப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். (வெப்பில் செய்திருக்கலாமே என்று சொல்ல வருபவர்களுக்கு: 1 ஜிபி ராம், மவுஸைத் தொட்டால் மாவு ஒட்டும். போதுமா?) பொருளின் பெயருக்கு பிரிண்ட்எஃப் வழக்கப்படி 20 இடம் ஒதுக்கி, அடுத்து விலை. முதல் நாளே அத்தான் திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, மிளகு விலை மட்டும் தள்ளி நிக்குது, ஏறிடுச்சா?" என்றார்.

ஏறவில்லை. பிரிண்ட்எஃப் எண்ணுவது பைட்டை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் (யூனிகோடில் தனி எண் உள்ள ஒவ்வொன்றும்; கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி) யுடிஎஃப்-8இல் 3 பைட். சீரகம் 6 குறி, 18 பைட், ஆகவே 2 இடைவெளிதான் சேர்க்கும். மிளகு 5 குறி, 15 பைட், 5 இடைவெளி. வெந்தயம் 24 பைட், ஒதுக்கிய 20ஐத் தாண்டிவிட்டதால் விலை பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சரி, பைட்டை விட்டுக் குறிகளை எண்ணலாம் என்று போனேன், அதுவும் தப்பு. ஒரு குறி திரையில் எத்தனை கட்டம் (ஓர் ஆங்கில எழுத்துக்கான இடம்) பிடிக்கும் என்பதை டபிள்யூசிவிட்த் என்ற செயற்கூறு சொல்லும், அது யூனிகோடு வகைப்பாட்டைப் பார்த்துச் சொல்கிறது. புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் 0, இகரக் குறிக்கு 1. ஆக 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம்! நெடிலுக்குக் குறைவு, குறிலுக்கு அதிகம், என்ன ஓரவஞ்சனை பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லையே எடுங்கள்: எழுத்து 3, குறி 5, பைட் 15, கட்டம் 4. எதுவும் எதோடும் ஒத்துப்போகாது.

நான் கடைசியில் செய்தது: இடைவெளி போட்டு நிரப்புவதையே விட்டுவிட்டேன். பெயரை எழுதியதும் கர்சரை விலைப் பத்திக்கு நகர்த்தி விலையை எழுதுவேன், வலது கோடு எல்லாவற்றுக்கும் பிறகு. பெயர் நீளமாக இருந்தால், முழுச் சரத்தின் அகலத்தைச் சொல்லும் டபிள்யூசிஎஸ்விட்த் வைத்து அளந்து வெட்டுவேன், வெட்டும்போது புள்ளி அநாதையாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேலும் கோணினால் தப்பு உங்கள் டெர்மினலில். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாத டெர்மினலில் வெந்தயத்தின் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அகலத்தை அது வேறு மாதிரி எண்ணினால் அழித்த எழுத்தின் வால் திரையில் மிஞ்சும். எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் ஓரளவு ஒழுங்காகக் காட்டுகிறது. எக்ஸ் என்ற வரைகலைத் திரை இல்லாத வெறும் லினக்ஸ் கன்சோலில் முயற்சிக்கவே வேண்டாம், அங்கே எழுத்துருவில் மொத்தமே 512 வடிவங்களுக்குத்தான் இடம்.

"ஆங்கிலத்திலேயே போட்டுத் தொலையேன்" என்று அப்போது அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார், அது இன்னும் உறுத்துகிறது. கடைப் பையனுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும், அதற்கு என்ன செய்வது? இதையாவது விடலாம். தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, போன வருடம் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு பேனர் அடிக்கப் போனால் அச்சகத்தில் "பாமினில டைப் பண்ணிக் கொண்டாங்க" என்கிறார்கள், அது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. நானே உட்கார்ந்து மாற்றினேன், அப்படியும் அம்மா பெயரில் ஒரு கொம்பு காணோம்.

கட்டக் கோடுகள் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். விண்டோஸிலிருந்து புட்டி என்ற டெர்மினல் நிரல் வழியாக லினக்ஸுக்குள் நுழைந்தால் கோடு வரவேண்டிய இடத்தில் எல், க்யூ, எக்ஸ் என்று ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டும். அந்த எழுத்துகளையே கோடாகக் காட்டுவது 1978இல் வந்த விடி100 டெர்மினல் காலத்து ஏற்பாடு, யுடிஎஃப்-8 முறையில் புட்டி இயல்பாக அதைக் கண்டுகொள்ளாது. என்கர்சஸ்_நோ_யுடிஎஃப்8_ஏசிஎஸ் என்ற சூழல் மாறிக்கு 1 கொடுங்கள், கோடு வந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் குப்பை வந்தால், லொகேல் கட்டளையை அடித்து, வருவதைக் கீழே கருத்துப் பெட்டியில் ஒட்டுங்கள், ராத்திரி பார்க்கிறேன்.