பிரஷர் மெஷின் வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதி வரும்படி டாக்டர் சொன்னார். அம்மாவின் மேல்கை பருமனானது என்பதால், மணிக்கட்டில் கட்டும் மெஷினை வாங்கினோம். ஒரு தடவை 150 காட்டுகிறது, சற்று நேரத்தில் 128 காட்டுகிறது. இதை நம்பலாமா, வேறு வாங்க வேண்டுமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேறு வாங்குங்கள். மெஷின் பழுது என்று சொல்ல வரவில்லை. மணிக்கட்டு இதயத்தின் மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே இறங்கினாலே அளவு ஏறத்தாழ 7, 8 புள்ளி கூடிவிடும். மேலே போனால் அதே அளவு குறையும். அம்மா ஒரு முறை கையை மடியிலும் மறுமுறை நெஞ்சருகிலும் வைத்திருந்தால், நீங்கள் சொல்லும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும்.

மேல்கையில் பட்டை கட்டும் தானியங்கி மெஷின்தான் வீட்டுக்கு ஏற்றது. ஆனால் கடைக்குப் போகும் முன், தையல் டேப்பை எடுத்து அம்மாவின் தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவை அளந்து செ.மீ.-இல் குறித்துக்கொள்ளுங்கள். பட்டையின் மேலேயே 22–32, 22–42 என்று அது பொருந்தும் சுற்றளவு அச்சிடப்பட்டிருக்கும். அம்மாவுக்கு 35 வந்தால், 22–32 பட்டையோடு வரும் மெஷின் எத்தனை விலை உயர்ந்ததானாலும் வேண்டாம். பெரிய பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்; அதே நிறுவனம் அதே மாடலுக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பருமனான கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். 2023-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அளவு (பிரஷரில் முதலில் சொல்லும் பெரிய எண்) சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாக வந்தது. அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவது அம்மாதான்.

அடுத்து, துல்லியம். பெயர் பெற்ற பிராண்டு என்பது மட்டும் போதாது. ஒரே பிராண்டில் ஒரு மாடல் சோதனையில் தேறியிருக்கும், இன்னொன்று சோதிக்கப்படாமலே விற்பனைக்கு வந்திருக்கும். குறைந்தது 85 பேரிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் உலகத் தர விதிமுறை இருக்கிறது. அப்படித் தேறியவற்றை ‘ஸ்ட்ரைட் பிபி’ என்ற அமைப்பு இணையத்தில் இலவசமாகப் பட்டியலிடுகிறது. பெட்டியில் உள்ள மாடல் எண்ணை அதில் தேடிப் பாருங்கள். புளூடூத், பேசும் குரல் எல்லாம் வசதிதான். துல்லியத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கைக்கடிகாரம் காட்டும் பிரஷரை வைத்து மருந்தை மாற்றவே கூடாது.

வாங்கியதும் முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் தொடர்ந்து கூடுதலாக வருகிறதோ, இனி அந்தக் கைதான். வித்தியாசம் 10-க்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மார்பக அறுவை சிகிச்சை நடந்த பக்கத்திலும், டயாலிசிஸுக்காக இரத்தக்குழாயை இணைத்த கையிலும் கட்டக் கூடாது.

பார்க்கும்போது அம்மா சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை மேசைமேல், பட்டை இதய மட்டத்தில். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. இப்படி 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். வீட்டு அளவில் 135/85-ஐத் தொட்டாலே கூடுதல் என்று கொள்கிறோம். மருத்துவமனையில் அது 140/90. நல்ல அளவை மட்டும் பொறுக்கி எழுதிவிடாதீர்கள்; அன்பினால் செய்தாலும் அது அம்மாவுக்குக் கெடுதல்.

இதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கு மெஷின் தடுமாறும். அப்படி இருந்தால் மூன்று முறை பார்த்து, டாக்டரிடமும் சொல்லுங்கள்.

180/120-க்கு மேல் வந்தால் சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சு குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இருந்தால் மறுபடி அளந்துகொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் இன்னொன்று: எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள், யாராவது பக்கத்தில் நிற்கட்டும். மேல் அளவு 20 இறங்கினால், அதையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.