கஜா ராத்திரியில் பக்கத்தில் நின்றவர் இப்போது எங்கே?

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். வயது 43. கணவருக்கு விவசாயம். தினமும் நாலரை மணிக்கு எழுந்து ஜெபமும் வேத வாசிப்பும் செய்கிறேன். 15 வருஷமாக ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேலாக என் ஜெபம் சுவரில் பட்டுக் கீழே விழுகிற மாதிரி இருக்கிறது. 2018-ல் கஜா புயல் அடித்த ராத்திரி, ஓடெல்லாம் பறந்தபோது, பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு ஜெபித்தேன். ஆண்டவர் என் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. இப்போது கான்கிரீட் வீடு, பிள்ளைகள் காலேஜ், ஒரு குறையும் இல்லை. அவர்தான் இல்லை. உபவாசக் கூட்டத்தில் எல்லாரும் அழுகிறார்கள். எனக்குக் கண்ணீர் வருவதில்லை. வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். மோசேயைப் போல என் முகமும் பிரகாசிக்க வேண்டும், என்னைப் பார்க்கிறவர்கள் ஆண்டவரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தினமும் ஸ்டேட்டஸில் வசனம் வைக்கிறேன். போன மாதம் ஏதோ பேச்சுவாக்கில் மாமியார், “வேதம் வாசிக்கிற வாயா இது?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. பழைய நெருக்கம் திரும்பி வர நான் என்ன செய்ய வேண்டும்?
பி.கு: ஓர்ப்படியோடு ரெண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. குத்தகை நெல் பங்கில் தகராறு. அது வேறு விஷயம், அதைப் பற்றி எழுதவில்லை.
(பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பின்குறிப்பை நாலு தரம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கண்ணீர். அழுகை வருவதும் வராததும் ஆண்டவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அளக்கும் கோல் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. வேதத்தில் அப்படி இல்லை. 13-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்றுதான் ஆரம்பிக்கிறார் தாவீது. 88-ஆம் சங்கீதம் அதைவிட மோசம், எபிரெய மூலத்தில் கடைசி வார்த்தையே இருட்டுதான். ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் முடிகிற அந்தப் பாட்டையும் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். ஆண்டவர் தூரமாகத் தெரிகிறார் என்று அவரிடமே போய்ப் புலம்புவதும் ஜெபம்தான். நாலரை மணிக்கு எழுந்து சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். ஒரு வருஷமாக அப்படி இருந்தும் எழுந்துகொண்டே இருக்கிறீர்களே. உபவாசக் கூட்டத்து அழுகையைவிட எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

கஜா ராத்திரியைப் பற்றி யோசித்தேன். அன்றைக்கு நான் பொறையாரில் இருந்தேன். எங்கள் பக்கம் காற்று மட்டும்தான், உங்கள் பக்கம் பட்டது வேறு. தென்னை முழுக்கச் சாய்ந்து கிடந்ததைப் பிறகு வந்து பார்த்தேன். அந்த மாதிரி ஒரு ராத்திரியில் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் விழித்திருக்கும். ஆண்டவர் தோளைத் தொட்டதை நான் சந்தேகப்படவே மாட்டேன். ஆனால் எலியாவின் கதை உங்களுக்குத் தெரியும், ஞாயிறு பள்ளியில் நீங்களே எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த மனுஷன், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடிக்கடியில் படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். அதற்கு ஆண்டவர் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார். எழுப்பி, தழலில் சுட்ட ஒரு அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். அதற்கப்புறம்தான் ஓரேப் மலை. அங்கே பெருங்காற்று வந்தது, காற்றில் கர்த்தர் இல்லை. பூமி அதிர்ந்தது, அதிலும் இல்லை. அக்கினியிலும் இல்லை. கடைசியில் வந்தது ஒரு மெல்லிய சத்தம். உங்கள் கஜாவில் அவர் காற்றுக்குள்ளேயே வந்தார், சரி. இப்போது மெல்லிய சத்தத்தில் பேசுகிற காலமாக இருக்கலாம். அதைக் கேட்கக் காது பழக நாளாகும்.

எலியாவுக்குக் கிடைத்த அடையை நான் சும்மா சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் எனக்கு ஜெபமே வரவில்லை. ஊருக்கெல்லாம் வேதம் சொன்ன வீடு அது. ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ வரை வாய் வரும், அதற்கு மேல் ஓடாது. எதிர்வீட்டு அக்கா தினமும் காலையில் ஒரு டம்ளர் நொய்க்கஞ்சியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போவார். கோயிலுக்குப் போகிறவர், ஒரு வசனம்கூடத் தெரியாது. அந்த வருஷம் ஆண்டவர் எனக்குக் கஞ்சி டம்ளரில்தான் வந்தார். இதைச் சொன்னால் எங்கள் போதகர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இடையில் ஒரு கேள்வி. ஜெபம் மட்டும்தான் ருசிக்கவில்லையா, அல்லது சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் பேச்சு எதுவுமே ருசிக்கவில்லையா? எல்லாமே என்றால், நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு உடம்பும் மனசும் சேர்ந்து படுத்தும் காலம் இது, டாக்டரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்கு ஃபோன் செய்யலாம், அரசு இலவசமாக நடத்துவது. அதில் விசுவாசக் குறைவு எதுவும் கிடையாது.

அடுத்தது மோசேயின் முகம். யாத்திராகமம் 34-ஐத் திறந்து மெதுவாகப் படியுங்கள். 40 நாள் மலையில் இருந்துவிட்டு இறங்கி வருகிறார், முகம் பிரகாசிக்கிறது. அது அவருக்கே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. ஆரோனும் ஜனங்களும் பார்த்துப் பயந்தபோதுதான் தெரிந்தது. என் முகம் பிரகாசிக்கிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவளுக்குக் கண்ணாடிதான் தெரியும், ஆண்டவர் தெரிய மாட்டார். ஸ்டேட்டஸில் வசனம் வைப்பதைத் தப்பு என்று சொல்லவில்லை. வைத்த பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பீர்களே, அதைத்தான் சொல்கிறேன். (நானும் எண்ணியிருக்கிறேன்.)

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவுக்குள் ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது, ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் கோவில். பார்த்ததில்லை என்றால் பெரிய கோயிலுக்குப் போகிற அன்று ஒரு எட்டு போய்ப் பாருங்கள், பக்கம்தான். உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம். சாகக் கிடக்கும் ஸ்வார்ட்ஸின் கட்டிலருகே நிற்கிறார் தஞ்சை மன்னர் சரபோஜி. ஸ்வார்ட்ஸ் 1798-ல் இறந்தார். தன்னை வளர்த்துப் படிக்க வைத்தவருக்காக லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் சொல்லி மன்னரே செய்வித்தது அது. சரபோஜி கடைசி வரை கிறிஸ்தவர் ஆகவில்லை. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு பாசம்?

1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்து, கோட்டையில் பஞ்சம் வந்தது. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர ஆளும் மாடும் இல்லை. அதிகாரிகள் பணம் தருவதாகச் சொல்லியும் குடியானவர்கள் அசையவில்லை. முன்னால் ஏமாந்தவர்கள். ஸ்வார்ட்ஸ் பொறுப்பேற்றுக்கொண்டு, உங்கள் கூலி என் கையால் வந்து சேரும் என்றார். மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள், நெல் வந்தது, சொன்னபடி பணமும் போய்ச் சேர்ந்தது. அவர் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்பது அந்தக் குடியானவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? நெல்லுக்குச் சொன்ன சொல் மாறாது என்பது மட்டும் தெரியும். ஆண்டவரைப் பிரதிபலிப்பது என்றால் நம் ஊரில் அது இப்படித்தான் கண்ணில் படும்.

உங்கள் சத்துணவுக் கூடத்தையும் அதனால்தான் நினைக்கிறேன். முட்டைக் கணக்கு சரியாக இருக்கிறதா, அழுகலைத் தள்ளி வைக்கிறீர்களா, சாதம் குழைந்துபோன அன்று உதவியாளரிடம் எந்தக் குரலில் பேசுகிறீர்கள், இரண்டாம் தரம் தட்டை நீட்டுகிற பிள்ளையைப் பார்த்து முகம் எப்படிப் போகிறது. உங்கள் சமையலருக்கு இதெல்லாம் தெரியும். உங்கள் ஸ்டேட்டஸை அவர் பார்க்கிறாரோ இல்லையோ, உங்களைப் பார்க்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையலறையில் லாரன்ஸ் என்று ஒரு சகோதரர் இருந்தார். கால் சரியில்லாதவர், பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவிலேயே பல வருஷம் போயிற்று. பாத்திரம் உருளும் சத்தத்திலும், நாலு பேர் நாலு வேலை ஏவும்போதும், நற்கருணைக்கு முன் முழங்காலில் நிற்கும்போது இருக்கிற அதே ஆண்டவர் தன்னோடு இருக்கிறார் என்றார். முதல் பத்து வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டேன் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பத்து வருஷத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை! உலை கொதிக்கும்போது, அரிசி களையும்போது, ஒரு வரி போதும். ‘ஆண்டவரே, இந்தப் பிள்ளைகள் உம்முடையவர்கள்.’ நாலரை மணி ஜெபத்தில் ஒரு பாதியை எடுத்து இப்படி நாள் முழுக்கத் தூவிவிடுங்கள். காலையில் மூன்று அதிகாரம் ஓட்டுவதை விட்டுவிட்டு ஒரே ஒரு சங்கீதம், ஒரு வாரம் முழுக்க அதே சங்கீதம். வேகமாகப் படித்தால் தலை நிறையும், அவ்வளவுதான்.

இப்போது பின்குறிப்பு. ‘அது வேறு விஷயம்’ என்கிறீர்கள். டெல்டாக்காரர்கள் வாய்க்கால் இல்லாமல் பேச மாட்டார்கள் என்று திருச்சிக்காரர்கள் கேலி செய்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் விட்டால் மூன்று நாலு நாளில் கல்லணை. அதற்கப்புறம் உங்கள் கடைமடைக்கு எப்போது வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆற்றில் தண்ணீர் போகிறது என்று ஊரே சொல்லும், உங்கள் வயலில் ஈரம் இருக்காது. போய்ப் பார்த்தால் மேட்டூரிலும் குறையில்லை, கல்லணையிலும் குறையில்லை, வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற கன்னி வாய்க்காலில் இரண்டு வருஷத்துச் சேறும் ஆகாயத்தாமரையும்.

அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஓர்ப்படியோடு பேசாததால் ஆண்டவர் உங்களைத் தண்டித்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் செய்த வேலை அது, எனக்கு வேண்டாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே சபையில், பெண்கள் பக்கத்தில், மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிறிய ஊர், வேறெங்கே போவீர்கள்? அந்த நேரத்தில் அவள் எந்தப் பெஞ்சில் இருக்கிறாள் என்று பார்க்காமலே உங்களுக்குத் தெரியும், இல்லையா? மனசில் ஒரு மூலையை எப்போதும் அவளுக்கு எதிராகப் பூட்டிப் பிடித்துக்கொண்டே நின்றால் கை வலிக்காதா?

மத்தேயு 5-ல் ஆண்டவர் சொன்னதில் ஒரு நுணுக்கம். காணிக்கை கொண்டுவந்த இடத்தில், ‘உனக்கு அவன் மேல் குறை இருந்தால்’ என்று சொல்லவில்லை. அவனுக்கு உன் மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். யார் பக்கம் நியாயம் என்று கேட்கவே இல்லை. உங்கள் பக்கம் நியாயமே இருக்கலாம். நெல் உங்களுக்கு வர வேண்டியதாகவே இருக்கலாம். அதை விட்டுக்கொடுங்கள் என்று நான் எழுத மாட்டேன். பெண்களிடம் விட்டுக்கொடு, விட்டுக்கொடு என்று சொல்லியே சபைகள் நிறைய அநியாயத்தை மூடி வைத்திருக்கின்றன. கணக்கு கணக்காக இருக்கட்டும். குத்தகைக்காரரையும் இரண்டு பெரியவர்களையும் வைத்துக்கொண்டு, எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு என்று உங்கள் கணவரும் கொழுந்தனாரோ மச்சானோ, அவரும் ஒரு தாளில் எழுதித் தீர்க்கட்டும். பேச்சு வார்த்தை அந்தத் தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் மாமியார் கேட்டதையும் நான் இந்த இடத்தில்தான் வைக்கிறேன். நீங்கள் ‘பேச்சுவாக்கில்’ என்று எழுதிவிட்டு, என்ன பேச்சு என்று எழுதவில்லை. என் ஊகம், ஓர்ப்படியைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருப்பீர்கள். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். அந்த அம்மாவுக்கு இரண்டு பேரும் மருமகள்கள். நடுவில் உட்கார்ந்துகொண்டு ரெண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அத்தை, அன்னைக்கு நீங்க கேட்டது சரிதான், என் பேச்சுல உங்களுக்கு எது உறுத்துது?” என்று கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். ஒரு முழு உபவாசக் கூட்டத்தைவிடக் கஷ்டமாக இருக்கும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் எப்படியும் ஓர்ப்படியைப் பார்ப்பீர்கள். பெரிய சமாதானப் பேச்செல்லாம் வேண்டாம். “அத்தை உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்” என்று ஒரு வரி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். போனாலும் அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அவள் செருப்பு மாட்டத்தான் வேண்டும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். நெல் கணக்கை மட்டும் அன்றைக்கு எடுக்க வேண்டாம்.